பிள்ளைக்கான படிவம்

ஒரு விடுகதை. என்கூடவே பிறந்தது, என்கூடவே வளர்ந்தது, பார்த்தவர்கள் பத்துப் பேர் உண்டு, நான் மட்டும் நேராகப் பார்த்ததில்லை. அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். நிழல் இல்லை, நிழலைத் தினமும் பார்க்கிறோம். குரலும் இல்லை, குரலை யாராலும் பார்க்க முடியாது. இதை என் மகள் பிரணிதா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தானாகவே உண்டாக்கினாள். வீட்டுக்கு வருகிற யாரையும் விடமாட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடக் கேட்டாள். அவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலீங் அம்மிணி, நீங்களே சொல்லீருங்க, தோள் நோவுது" என்றார். விடை, முதுகில் இருக்கிற மச்சம். இடது தோள்பட்டைக்குக் கீழே, நான் பெற்ற அன்றைக்கே துவரம்பருப்பு அளவில் இருந்தது. இப்போது அது இல்லை. அது இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது, அக்குளில் இன்னொரு சின்னத் தழும்பு. மச்சத்துக்குள் இருந்ததன் பெயர் மெலனோமா என்று எழுதிய காகிதம் என் மடியில் உள்ள பைக்குள் இருக்கிறது. அது தோலில் வருகிற புற்றுநோய். கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஒரு மூடிய கதவுக்கு எதிரே, ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் பிரணிதாவும் டாக்டர் பெனிட்டாவும் மட்டும் இருக்கிறார்கள். "ஒரு இருபது நிமிஷம் கொடுங்கம்மா" என்று சொல்லி டாக்டர்தான் என்னை வெளியே அனுப்பினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. பதினொன்றரைக்குக் கதவு திறக்கும். திறக்கும்போது அவள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே அனுப்பியதற்குக் காரணம் நான்தான். நேற்று இட்லிக்கு ஊற்றிக்கொண்டே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். டாக்டர் கேட்டா இப்படிச் சொல்லு, இந்த வார்த்தையை விட்டுறாதே என்று. பாடத்தை மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைதான், இரண்டு தடவையில் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு டாக்டர் பெனிட்டா நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டு, "பிரணிதா, இந்த ஆராய்ச்சின்னா என்னன்னு உனக்குப் புரிஞ்சதைச் சொல்லு" என்றார். இவள் எழுந்து நின்றாள். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். "இருக்கிற மருந்தோட ஒரு புது ஊசியைச் சேர்த்தா நல்லா இருக்குமான்னு பார்க்கறாங்க. இதில யாரும் என்னை வற்புறுத்தல. நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் சேர்கிறேன்." டாக்டர் தூத்துக்குடிப் பக்கம், சிரித்தால் உரக்கச் சிரிப்பார். "ஏ புள்ள, ஸ்கூல் பிரேயர்ல உறுதிமொழி எடுக்கிற மாதிரில்லா சொல்லுத. யார் எழுதிக் குடுத்தா?" பிரணிதா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, நீங்க கையெழுத்துப் போட்டது பெத்தவங்க படிவம். இவளுக்குத் தனியா ஒண்ணு இருக்கு. பன்னெண்டு வயசு தாண்டிட்டா, அதுல பிள்ளை சரின்னு சொன்னாத்தான் உங்க கையெழுத்துக்கு மதிப்பு. அவ வேண்டாம்ன்னா வேண்டாந்தான். நீங்க நூறு கையெழுத்துப் போட்டாலும் நான் சேர்க்க மாட்டேன்." நான் எழுந்தேன். கதவுவரை வந்து திரும்பி, "கண்ணு, நேத்துச் சொன்னதை மறந்துறாதே" என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். எந்தப் பேனா வாங்குவது என்று கடையில் அரைமணி நேரம் நிற்கிறவள். நீல மூடியா கறுப்பு மூடியா என்று கேட்டு, கடைசியில் இரண்டையும் வைத்துவிட்டுப் பென்சில் வாங்கிக்கொண்டு வருகிறவள்.

இருபத்திரண்டு பக்கம் அந்தப் படிவம், தமிழில்தான் இருக்கிறது. மூன்று முறை படித்தேன், பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். முன்னால் இருக்கிற வழி மூன்று. முதல் வழி, இனி ஒன்றும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது. அக்குளில் எடுத்த நெறிக்கட்டியில் நோயின் துளி இருந்ததால் அதை யாரும் பரிந்துரைக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். இரண்டாவது, நாலு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஒரு மருந்து, ஒரு வருஷம். உடம்பின் காவல்காரர்களை எழுப்பிவிடுகிற மருந்து என்று டாக்டர் சொன்னார். எழும்பியவர்கள் சில சமயம் ஆள் தெரியாமல் தைராய்டையோ குடலையோ அடித்துவிடுவார்களாம், அப்படி நடந்தால் மருந்தை நிறுத்தி வேறு மருந்து கொடுப்பார்களாம். இந்த வழிக்கு வேண்டியதை மருத்துவமனையின் அறக்கட்டளையே செய்துகொடுக்கும், அதில் சிக்கல் இல்லை. மூன்றாவது, ஆராய்ச்சி. அதே மருந்து, கூட ஒரு புது ஊசி. ஆனால் சேருகிற எல்லோருக்கும் புது ஊசி கிடையாது, பாதிப் பேருக்குத்தான். அந்தப் பாதியில் யார் என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, நான் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எந்தப் பாதியில் விழுந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், தோலிலிருந்து இரண்டு முறை கூடுதலாகச் சிறு துண்டு வெட்டி எடுப்பார்கள். ஒன்பதாம் பக்கத்தில், 'இதில் சேருவதால் உங்கள் பிள்ளைக்கு நேரடியான பயன் கிடைக்காமலும் போகலாம்' என்று ஒரு வரி. மூன்று தடவையும் அந்த வரியில் என் பென்சில் நின்றது. டாக்டரிடமே கேட்டேன், "உங்க பிள்ளையா இருந்தா எதுங் டாக்டர் பண்ணுவீங்க?" "எது நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்த ஆராய்ச்சியே நடக்காதும்மா. தெரியாததுனாலதான் நடத்துறோம்." இப்படி நேராகப் பேசுகிற டாக்டர் கிடைப்பது கஷ்டம், ஆனால் நேராகப் பேசினால் சாய்ந்துகொள்ள இடம் கிடைப்பதில்லை. அதன்பிறகு நானேதான் முடிவு எடுத்தேன். போன வியாழக்கிழமை, கம்பெனி சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறக்குமுன்பே. ஆராய்ச்சியில் சேர்ப்பது.

பதினொன்று பதினாறு. என் வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற டீ-ஷர்ட்டை மேசையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை என்று பார்த்து, கறையோ ஓட்டையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அதற்கு நேராக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினான்கு வருஷமாக ஒட்டுகிறேன். குண்டூசி முனை அளவு எண்ணெய்ப் பொட்டை வெள்ளைத் துணியில் கைநீட்டும் தூரத்திலிருந்து பிடித்துவிடுவேன். "கோகிலா டேபிளைத் தாண்டி ஒரு கறை போகாது" என்று சூப்பர்வைசர் புதிதாக வருகிற பெண்களிடம் சொல்வார். அந்த டேபிளைத் தாண்டித்தான் ஒரு கறை போயிருக்கிறது. பிரணிதாவின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில், இடது தோள்பட்டைக்குக் கீழே, மிளகு அளவில் பழுப்புக் கறை. ஒரு முறை இல்லை, மூன்று முறை. நான் பார்த்தேன். பார்க்காமல் விடுகிற கண்ணா இது. பார்த்த உடனே துரு என்று முடிவுகட்டினேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற பழுப்புக் கறை துருதான், மெஷினில் எங்கேயோ ஆணி உரசுகிறது என்று அர்த்தம், இது எங்கள் பாடத்தில் முதல் பக்கம். கம்பெனியிலிருந்து துருக் கறை எடுக்கிற மருந்தைச் சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து எடுத்தேன். அது முழுசாகப் போகவில்லை. போகாததைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும், அது மச்சம் கசிந்த ரத்தம், ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும் போதும் என்பது எனக்குத் தெரியாதா. யோசிக்காமல் பள்ளிக்கூடத்துக்கே போனேன். அவள் உட்காருகிற பெஞ்சின் சாய்மானத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, அடிக்கச் சொல்லுங்கள் என்று வகுப்பு டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் நல்லவர், ஆளை அழைத்து வந்து அந்த பெஞ்சில் இருந்த எல்லா ஆணியையும் அடிக்க வைத்தார். பிரணிதா வீட்டுக்கு வந்து, "அம்மா, என்ற பெஞ்சை அந்த அண்ணன் அரைமணி நேரம் அடிச்சாருங்க, சமூக அறிவியல் கிளாஸே நடக்கல, எல்லாரும் உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க" என்றாள். நானும் சிரித்தேன்.

முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து நானேதான் குளிப்பாட்டுவேன். முதுகு தேய்க்கும்போது அந்த மச்சத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்துவேன், காலிங் பெல் மாதிரி, அவள் "டிங்டாங்" என்பாள். போன வருஷம் ஆனி மாதம் அவள் பெரியவளானாள். அதன்பிறகு குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். "நானே குளிச்சுக்கறனுங்க, நீங்க வராதீங்க." அதுவும் சரிதான், நானும் அந்த வயதில் அப்படித்தான். அந்த ஆனியிலிருந்து அடுத்த வைகாசியில் டாக்டரிடம் காட்டுகிற வரை பதினோரு மாதம் அவள் முதுகை நான் பார்க்கவில்லை. இதை வேறு யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், பாவம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு நாள் தெரிந்தது. பெரியவளானதற்குத் தை மாதம் சீர் நடந்த அன்றைக்குத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றுவதற்காகப் பாவாடையை மார்போடு கட்டி மனையில் உட்கார வைத்திருந்தோம். என் நாத்தனார் சரசு அக்கா முதல் சொம்பு ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். "ஏ கோகிலா, புள்ளைக்கு மச்சம் பெருசாயிருக்குதே! யோகம் வளருதுன்னு அர்த்தம் போ. வெளிநாட்டு மாப்பிள்ளைதான் உன்ற மகளுக்கு." பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிரணிதா கன்னத்தில் தண்ணீர் வழிய, "அத்தை, வெளிநாடு போனா உங்களைத்தான் சமைக்கக் கூட்டிட்டுப் போவேன்" என்றாள். நான் அப்போது தட்டத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தேன். 'பெருசாயிருக்குதே' என்பது என் காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பார்க்க எட்டடி தூரம். நான் கேட்டதெல்லாம் யோகம் என்ற வார்த்தையை மட்டும். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கண்டுபிடித்தார், சொன்னார், தப்பாகச் சொன்னார். கறையைக் கண்டுபிடித்து அம்புக்குறி ஒட்டியிருந்தார் அவர். அந்த அம்புக்குறியைப் பூ என்று நினைத்துத் தலையில் வைத்துக்கொண்டவள் நான்.

போன் அதிர்கிறது. அவர். வீட்டுக்காரர் துணிக்குச் சாயம் போடுகிற டையிங் கம்பெனியில் பாய்லர் பார்க்கிறார், ஷிப்ட்டை விட்டு நகர முடியாது. "உள்ளார போயாச்சா?" "அவ மட்டும் போயிருக்கறாளுங்க. என்னை வெளியில உக்கார வெச்சுட்டாங்க." "ஏன், நீ ஏதாச்சும் சண்டை போட்டியா?" "நான் எதுக்குங்க சண்டை போடறேன். அவகிட்டத் தனியாக் கேக்கணுமாம்." பின்னால் நீராவி சீறுகிற சத்தம். "அவகிட்டயா? அவ என்ன சொல்லுவா?" "நான் சொல்லித்தான் கூட்டியாந்தேன்." "சரி. நீ பாத்துக்குவே." எல்லாவற்றுக்கும் இவர் சொல்வது இதுதான், நீ பாத்துக்குவே. ரிப்போர்ட் வந்த அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் அதன்மேல் உட்கார்ந்தே இருந்தார், ஸ்டாண்டை எடுக்காமல், ஆக்சிலரேட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு. "வெச்சர்றேன்" என்கிறார். வைக்கவில்லை. "ஏ கோகிலா, அவ சாப்பிட்டாளா?" "ரெண்டு இட்லி." "அப்பச் சரி." இப்போது வைத்துவிட்டார்.

பதினொன்று இருபத்தொன்று. பன்னிரண்டு வயது தாண்டினால் என்கிறார்கள். இவளுக்குப் பதிமூன்று முடிந்து நாற்பது நாள். நாலு மாதத்துக்கு முன்னால் அம்மா என்று கூப்பிட்டுக் கொண்டை ஊசி எங்கே என்று கேட்டவளிடம் இப்போது இதைக் கேட்கிறார்கள். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு வாங்குபவர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். ஐயாயிரம் பீஸ் பெட்டியில் அடுக்கியிருக்கும். அவர் எங்களைப் பார்க்கவே மாட்டார், தனக்குத் தோன்றிய பெட்டிகளைக் காட்டுவார், இருநூறு பீஸை உருவி எடுப்பார். அந்த இருநூறும் சரியாக இருந்தால் ஐயாயிரமும் கப்பல் ஏறும். உருவிய பீஸுக்கு என்ன நடக்கும் தெரியுமா, பிரித்து, இழுத்து, திருப்பி, அளந்து, மடிப்புக் கலைந்து கிடக்கும், மறுபடி அயர்ன் போட வேண்டும். உருவியதால் அந்தப் பீஸுக்கு ஒரு லாபமும் இல்லை, மற்ற பீஸுக்குத்தான். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். ஒன்பதாம் பக்கத்து வரி அதுதான். நாளைக்கு வேறு ஒரு பிள்ளைக்கு முதுகில் மச்சம் பெருத்தால் அப்போது டாக்டருக்கு எது நல்லது என்று தெரிந்திருக்கும், அதற்காக என் பிள்ளையை உருவி மேசையில் விரிக்க வேண்டும். அது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. நான் அதற்காகத்தான் சேர்க்கிறேனா? இல்லை. புது ஊசி கிடைக்கும் என்ற ஆசையா? அதுவும் பாதிதான், அது பாதிப் பேருக்குத்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எதற்கு டிபன் பாக்ஸைத் திறக்குமுன்பே முடிவெடுத்தேன்? இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. இந்த வார்த்தைதான். நாலு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம். டாக்டர், நர்ஸ், ஆராய்ச்சி ஆட்கள் என்று எத்தனையோ கண் அவள்மேல் விழும். நான் விட்டதை வேறு யாராவது பிடிப்பார்கள். பதினோரு மாதம் நான் பார்க்காததை, ஒரு வருஷம் ஊரே பார்த்துச் சரிக்கட்டட்டும் என்று நினைத்திருக்கிறேன். அதற்கு அவள் கையை நீட்ட வேண்டும், அவள் தோலில் வெட்ட வேண்டும். தண்டனை எனக்கு, ஊசி அவளுக்கு. இதைத்தான் நேற்று 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அவள் வாயால் சொல்ல வைத்தேன்.

இதை இந்த நாற்காலியில் இப்போது வந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. கதவுக்குள் டாக்டர் சிரிக்கும் சத்தம், கூட இவள் சிரிப்பு. எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அறுவைச்சிகிச்சை முடிந்து பள்ளிக்குப் போன அன்றைக்கு, "டீச்சர், என்ற அங்க அடையாளத்துல முதுகில் மச்சம்ன்னு போட்டிருக்குது, அதை எடுத்துட்டாங்க, இப்ப நான் யாருங்க?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் அழுதுவிட்டாராம். இவள்தான் டீச்சருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாளாம். அந்தப் பிள்ளையையா பேனா வாங்கத் தெரியாது என்றேன்? நீலத்தையும் கறுப்பையும் எழுதிப் பார்த்துவிட்டு, இரண்டும் கசிகிறது என்று வைத்துவிட்டு வந்தவள். எனக்குத்தான் அன்றைக்குக் காலில் வலி, சீக்கிரம் வா என்று இழுத்துக்கொண்டு வந்தேன், அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பயம் இப்போதும் இருக்கிறது. அது இருக்கட்டும். அது இருந்துகொண்டே நான் செய்ய வேண்டியது இது. அவள் சரி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காலை ஐந்தரை பஸ். ரத்தம் எடுக்கும்போது அவள் பக்கம் நிற்பது. குலுக்கலில் எந்தப் பாதி விழுந்தாலும் முகம் மாறாமல் இருப்பது. அவள் வேண்டாம் என்றால் நாலு வாரத்துக்கு ஒரு தடவை அதே பஸ். ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்பது. நீ மட்டும் சேர்ந்திருந்தால் என்று, எது நடந்தாலும், ஒரு நாளும் சொல்லாமல் இருப்பது. இதுதான் கஷ்டம். இதை இப்போதே, கதவு திறக்குமுன்பே, வாய்க்குள் கட்டிப்போட்டுவிட வேண்டும். பிறகு சனிக்கிழமை. முதுகைக் காட்டு என்று அவளிடம் கேட்டுப் பார்ப்பது. அவள் தாழ்ப்பாளைத் திறந்தால் பார்ப்பது, திறக்காவிட்டால் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது. இனி ஒரு கறை கண்ணில் பட்டால் மூன்றாவது முறை வரும்வரை இருக்காமல் முதல் முறையிலேயே யாரிடமாவது காட்டுவது. பதினொன்று இருபத்தெட்டு. நான் எழுந்து நிற்கிறேன்.

கதவு திறந்தது. டாக்டர் பெனிட்டா என்னை உள்ளே வரச் சொன்னார். பிரணிதா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கான படிவம் நாலு பக்கம், கடைசிப் பக்கம் மேலே இருந்தது. அவளுடைய கையெழுத்தும் தேதியும் இருந்தன. ஆராய்ச்சியில் சேர விருப்பமில்லை என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தாள். கீழே, நாலு வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற மருந்தைப் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.